தூர நிற்பதும் நோய் விசாரிப்பே



எல்லாப் புகழும் வல்ல அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் எங்கள் உயிரினும் மேலான நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய பெற்றோர்களே, அருமை இளைஞர்களே! இன்று நான் பேசப்போவது சற்று வித்தியாசமான ஒரு விடயம். புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று, கீமோதெரபி என்னும் மருந்தேற்றலை முடித்துக்கொண்டு, அல்லது என்புமச்சை மாற்றும் சிகிச்சையும் செய்துகொண்டு வீடு திரும்பிய ஒருவரின் உடலில் நோயை எதிர்க்கும் சக்தி எவ்வாறு திரும்பி வருகிறது, அது வந்து சேரும்வரை அயலவராகிய நாம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதே அது. இதை வைத்தியர்கள்தானே பேச வேண்டும், மௌலவிக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயமே. ஆனால் அந்த நோயாளியின் வீட்டுக்கு முதலில் வந்து நிற்பவர்கள் வைத்தியர்களல்லர், நாம்தான். மார்க்கத்தின் பெயரால்தான் நாம் வருகிறோம். ஆகவே மார்க்கத்தின் பெயராலேயே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் ஊர்களில் என்ன நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். வவுனியா பட்டாணிச்சூரிலோ, சூடுவெந்தபுலவிலோ, முல்லைத்தீவுத் தண்ணீரூற்றிலோ, கிளிநொச்சி நாச்சிக்குடாவிலோ ஒரு பிள்ளைக்குக் குருதிப் புற்றுநோய் என்று தெரிய வருகிறது. மஹரகமவுக்குக் கொண்டுபோகிறார்கள், அல்லது தெல்லிப்பழைக்கு. வசதியும் உதவியும் கிடைத்தோர் கடல் கடந்து வேலூருக்கும் போகிறார்கள். மாதக்கணக்கில் தாயும் பிள்ளையும் அங்கேயே கிடக்கிறார்கள். ஒருநாள் "சிகிச்சை முடிந்தது, வீட்டுக்குப் போகலாம்" என்று செய்தி வருகிறது. அன்று மஃரிபுக்குப் பிறகு அந்த வீட்டில் நிற்க இடமிருக்காது. பெரியம்மா, சாச்சி, மாமி, பக்கத்துத் தெரு, புத்தளத்திலிருந்து வான் பிடித்து வந்த உறவினர் என்று அனைவரும் வந்துவிடுவார்கள். அணைப்பார்கள், முத்தமிடுவார்கள், கண்ணீர் விடுவார்கள், சிலர் தலையில் கை வைத்து ஓதி ஊதுவார்கள். அன்பில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் வைத்தியர் அந்தத் தாயிடம் எதற்கு அஞ்சி ஆயிரம் எச்சரிக்கை சொல்லி அனுப்பினாரோ, அது அந்த மாலையில் அந்த ஒரே அறைக்குள் வந்து கூடுகிறது.

ஏன் என்று விளங்கப்படுத்துகிறேன்.

கீமோ மருந்து வேகமாகப் பெருகும் கலங்களைத் தாக்குகிறது. புற்றுக் கலம் வேகமாகப் பெருகுவதால் அது அழிகிறது. நம் எலும்புகளின் உள்ளே என்புமச்சையில் குருதிக் கலங்களும் இரவு பகலாக உற்பத்தியாகிக்கொண்டிருப்பதால் அவையும் சேர்ந்து அடிபடுகின்றன. தலைமுடி உதிர்வதும் இதே காரணத்தால்தான். முடி உதிர்வது எல்லாக் கண்களுக்கும் தெரிகிறது, வெண்குழியம் குறைவது எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. மருந்தேற்றி ஏறத்தாழ 7 முதல் 14 நாட்களுக்குள் அந்த எண்ணிக்கை மிகக் கீழே போகிறது. நடுநிலைநாடி எனப்படும் முன்னணிக் காவற்கலங்கள் ஒரு மைக்ரோ லீற்றர் குருதியில் 500க்கும் கீழே சென்றால், சாதாரண பற்றீரியாவும் உயிரைக் கொண்டுபோகக் கூடியதாகிவிடும்.

மூலக்கல மாற்றுச் சிகிச்சையில் இது இன்னும் ஒரு படி அப்பால் போகிறது. அங்கே உயர்ந்த அளவு மருந்தால், சிலருக்குக் கதிர்வீச்சையும் சேர்த்து, பழைய என்புமச்சை ஏறத்தாழ முற்றாகவே அகற்றப்படுகிறது. அதன் பின்னர் நோயாளியிடமிருந்தே முன்கூட்டி எடுத்து வைத்த மூலக்கலங்களோ, பொருந்தக்கூடிய இன்னொருவரின் மூலக்கலங்களோ சேலைன் ஏற்றுவதுபோல நரம்பு வழியாக ஏற்றப்படுகின்றன. கத்தியில்லை, தையலில்லை. ஏற்றப்பட்ட கலங்கள் குருதியோடு ஓடி, எலும்புக்குள் தம் இடத்தைத் தாமே கண்டுபிடித்துக் குடியேறுகின்றன. யார் அவற்றுக்கு வழி காட்டினார்கள் என்று சிந்திப்பவர்களுக்கு இதில் அத்தாட்சி உண்டு. இந்தச் சிகிச்சை முறைக்கு அடித்தளமிட்ட அமெரிக்க வைத்தியர் டொனல் தோமஸ் அவர்களுக்கு 1990ஆம் ஆண்டு நோபல் பரிசு வழங்கப்பட்டது. வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியில் 1986 முதல் இது செய்யப்பட்டு வருகிறது. இன்று நமது நாட்டிலும் செய்யப்படுகிறது.

1990 என்றதும் உங்களில் மூத்தவர்களுக்கு நோபல் பரிசு நினைவுக்கு வராது என்பதை அறிவேன். அந்த ஆண்டு ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டோம். பல்லாண்டுகள் கழித்து, யுத்தம் முடிந்த 2009க்குப் பின்னர் திரும்பி வந்தபோது நாம் கண்டது என்ன? வீடிருந்த இடத்தில் காடு. கிணறு தூர்ந்து கிடந்தது. கண்ணிவெடி அகற்றாமல் காலடி வைக்க முடியவில்லை. முதலில் காடு வெட்டினோம், பிறகு தகரக் கொட்டில் போட்டோம், கிணறு இறைத்தோம். பள்ளிவாசலும் பாடசாலையும் அதற்குப் பின்னர்தான் எழுந்தன. நட்ட தென்னை காய்க்க எத்தனை வருடம் சென்றது! தகரக் கொட்டில் போட்ட அன்றைக்கே "இவர்கள் குடியேறிவிட்டார்கள், இனி உதவி தேவையில்லை" என்று கணக்கை மூடியவர்களின் மீது நமக்கு எவ்வளவு மனவருத்தம் இருந்தது என்பதையும் மறந்திருக்க மாட்டீர்கள்.

அந்தப் பிள்ளையின் உடலிலும் இப்படித்தான் மீள்குடியேற்றம் நடக்கிறது. நடுநிலைநாடிகள்தான் தகரக் கொட்டில். தன் சொந்த மூலக்கலம் பெற்றவருக்கு ஏறத்தாழ இரண்டு வாரத்தில், பிறரிடமிருந்து பெற்றவருக்கு இரண்டு முதல் நான்கு வாரத்தில் அவை தலைகாட்டுகின்றன. அப்போதுதான் வைத்தியர்கள் "கலங்கள் பிடித்துவிட்டன" என்று மகிழ்ந்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். நாமோ எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் பிறபொருளெதிரியை உண்டாக்கும் பி நிணநீர்க்குழியங்கள் எண்ணிக்கையில் தேறுவதற்கே ஆறு மாதம் தொடக்கம் ஒரு வருடம் செல்லும், முழுத் திறமை பெற இரண்டு வருடமும் ஆகலாம். எதிரியை இனங்கண்டு படையை வழிநடத்தும் டி நிணநீர்க்குழியங்கள்தான் தென்னை. ஒரு வருடம், இரண்டு வருடம், சிலருக்கு அதற்கும் மேல். அவை பயிற்சி பெறும் இடம் நெஞ்சுக் கூட்டுக்குள் இருக்கும் தைமஸ் என்னும் சுரப்பி. சிறு பிள்ளைகளில் அது பெரிதாகவும் சுறுசுறுப்பாகவும் இருக்கும், வயது ஏற ஏறச் சுருங்கிப்போகும். ஆகவே இந்த விடயத்தில் பிள்ளைகள் பெரியவர்களை விட விரைவாக மீள்கிறார்கள். அல்லாஹ்வின் கருணை அது.

பிறரிடமிருந்து பெற்ற மூலக்கலத்தில் இன்னொரு சோதனையும் உண்டு. புதிதாகக் குடியேறிய காவலர் அந்த வீட்டுக்காரனையே அந்நியனாகக் கண்டு தோலையும் குடலையும் ஈரலையும் தாக்குவதுண்டு. அதைத் தடுக்கவே சைக்ளோஸ்போரின் போன்ற அடக்கும் மருந்துகளை மாதக்கணக்கில் கொடுக்கிறார்கள். அந்த மருந்து ஓடும் வரைக்கும் எதிர்ப்புச் சக்தி மேலும் தாழ்ந்தே இருக்கும். வெறும் கீமோ மட்டும் பெற்றவர்களுக்கு நிலைமை இதைவிட இலகுவானது. எனினும் அவர்களுக்கும் சிகிச்சை முடிந்து சில மாதங்கள் செல்லவேண்டும்.

இவ்வளவையும் கேட்ட பின்னர் பெற்றோர்கள் மிகவும் வியக்கும் ஒன்று இருக்கிறது. பிறந்த அன்று பி.சி.ஜி., இரண்டு, நான்கு, ஆறாம் மாதங்களில் ஐந்து நோய்க்கான ஊசி, ஒன்பதாம் மாதத்திலும் மூன்று வயதிலும் சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லாவுக்கான ஊசி என்று உங்கள் பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டில் எல்லாம் ஒழுங்காகப் பதிந்திருக்கும். மூலக்கல மாற்றுக்குப் பின்னர் அந்தப் பதிவுகளின் பலன் பெரும்பாலும் அழிந்துபோகிறது. கிதாபை மனனம் செய்த மாணவனின் நினைவு முழுவதும் துடைக்கப்பட்டால் அலிபிலிருந்து தொடங்க வேண்டியதுதானே! பன்னிரண்டு வயதுப் பிள்ளை மீண்டும் கைக்குழந்தைக்குரிய ஊசிகளைப் பெற வேண்டும். உயிரற்ற தடுப்பூசிகள் மூன்று முதல் பன்னிரண்டு மாதங்களுக்குள் படிப்படியாகத் தொடங்கப்படும். சின்னமுத்து ஊசி போன்ற உயிருள்ள தடுப்பூசிகளுக்குப் பொதுவாக இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும், அதுவும் அடக்கும் மருந்துகள் நின்றபிறகு, வைத்தியர் சம்மதித்த பின்னரே. அதற்கு முன் போட்டால் பலவீனப்படுத்திய அந்தக் கிருமியே நோயாக மாறிவிடலாம்.

அப்படியானால் அந்த இரண்டு வருடமும் சின்னமுத்திலிருந்து அந்தப் பிள்ளையைக் காப்பது யார்? அவனுக்கு ஊசி போட முடியாது. அவனுடைய சொந்தப் படையும் இன்னும் வரவில்லை. பெற்றோர்களே, உங்கள் பிள்ளையின் தோளில் ஏறிய ஊசிதான் அவனுக்கு வேலி. வேறு வேலி இல்லை.

இதைச் சும்மா சொல்லவில்லை. இலங்கை சின்னமுத்தை ஒழித்த நாடு என 2019ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. நான்கே வருடத்தில், 2023இல், அது மீண்டும் தலைதூக்கியது. ஊசி தவறிய பிள்ளைகள் இருந்த இடங்களில் அது நுழைந்தது. சின்னமுத்து வந்தவர் இருமிவிட்டுப் போன அறையின் காற்றில் இரண்டு மணித்தியாலம் வரை அந்த வைரஸ் தங்கியிருக்கும். உடலில் தடிப்பு தோன்றுவதற்கு நான்கு நாட்களுக்கு முன்பே அவர் பிறருக்குப் பரப்பத் தொடங்கிவிடுகிறார். எதிர்ப்புச் சக்தி இழந்த பிள்ளைக்கு அது வந்தால், தடிப்பே போடாமல் நேராக நுரையீரலைப் பிடிப்பதுமுண்டு. புற்றுநோயை வென்று வந்த பிள்ளை சின்னமுத்தில் மௌத்தாவது எத்தகைய கைசேதம்!

நம்மவர்களில் சிலர் தடுப்பூசியை மறுக்கிறார்கள். வெளிநாட்டுச் சதி என்கிறார்கள், பன்றிக் கொழுப்பு என்கிறார்கள், தொலைபேசியில் வந்த குரல்பதிவொன்றை ஆதாரமாகக் காட்டுகிறார்கள். ஹலால் ஹராம் பற்றிய கவலை மதிக்கத்தக்கது, அதைக் கேலி செய்பவர்களோடு நான் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி கேட்கப்பட்டு, அறிஞர்களால் ஆராயப்பட்டுவிட்டது. 1995ஆம் ஆண்டு மே மாதம் குவைத்தில் இஸ்லாமிய மருத்துவ விஞ்ஞானங்களுக்கான அமைப்பு கூட்டிய மாநாட்டில் பிக்ஹ் அறிஞர்களும் வைத்தியர்களும் ஒன்றாக அமர்ந்து, ஒரு பொருள் தன் தன்மை முற்றாக மாறி வேறொன்றாகிவிட்டால் அதன் சட்டமும் மாறும் என்ற 'இஸ்திஹாலா' விதியின்படி மருந்துகளில் சேரும் ஜெலட்டின் பற்றி ஆகுமானது என்ற கருத்துக்கு வந்தார்கள். இதில் மாற்றுக் கருத்துள்ள அறிஞர்களும் உண்டு. அவர்களும் நிர்ப்பந்தத்தின் சட்டத்தை மறுப்பதில்லை. உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள். குரல்பதிவிடம் கேட்காதீர்கள்.

நோயாளி இருக்கும் வீட்டின் மற்றப் பிள்ளைகளுக்குச் சின்னமுத்து ஊசி போடுவதால் அவருக்கு ஆபத்தில்லை. வாய்வழிப் போலியோ சொட்டு மருந்தைப் பற்றி மட்டும் முன்கூட்டியே கிளினிக்கில் சொல்லிவிடுங்கள், அதற்கு மாற்றாக ஊசி உண்டு. பெரியவர்கள் வருடாவருடம் சளிக்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது.

இனி நோய் விசாரித்தலுக்கு வருகிறேன்.

நோயாளியைச் சென்று பார்ப்பது ஒரு முஸ்லிமுக்கு மற்ற முஸ்லிம் செய்ய வேண்டிய கடமைகளுள் ஒன்று. இதில் இரண்டு கருத்தில்லை. ஆயினும் அந்தக் கடமை யாருக்காக விதிக்கப்பட்டது? நோயாளியின் நன்மைக்காக. பார்த்தோம் என்ற நம் மனத்திருப்திக்காக அன்று. பார்க்கச் செல்வோர் நோயாளிக்குச் சுமையாகும்படி நீண்டநேரம் அமரக் கூடாது என்று நம் பிக்ஹ் நூல்கள் ஒழுங்கு வகுத்திருக்கின்றன. நேரத்தால் சுமையாவதே கூடாதென்றால், மூச்சுக் காற்றால் உயிருக்கே சுமையாவது எப்படி ஆகும்?

கலீபா உமர் ரழியல்லாஹு அன்ஹு அவர்களின் வரலாற்றில் இதற்கு ஒளி இருக்கிறது. ஷாம் தேசத்தில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியிருந்த காலம். உமர் அவர்கள் படைகளைப் பார்வையிடப் புறப்பட்டு ஸர்க் என்னும் இடம் வரை வந்துவிட்டார்கள். அங்கே நோய்ச் செய்தி கிடைத்தது. முஹாஜிர்களிடம் ஆலோசித்தார்கள், அன்ஸாரிகளிடம் ஆலோசித்தார்கள், குறைஷிப் பெரியவர்களிடமும் ஆலோசித்தார்கள். திரும்பிவிடுவதென முடிவெடுத்தார்கள். படைத்தளபதி அபூஉபைதா ரழியல்லாஹு அன்ஹு அவர்களோ, அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று கேட்டார்கள். ஒரு விதியிலிருந்து மற்றொரு விதியின் பக்கமே செல்கிறோம் என்ற கருத்தில் உமர் அவர்கள் விடை சொன்னார்கள். பசுமையான கரையும் வரண்ட கரையும் உள்ள பள்ளத்தாக்கில் ஒட்டகத்தை எந்தக் கரையில் மேய்த்தாலும் அது விதியின்படிதானே என்று விளக்கினார்கள். அதன் பின்னரே அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ப் ரழியல்லாஹு அன்ஹு வந்து, நோய் பரவிய ஊருக்குள் நுழையவும் வேண்டாம், அங்கிருப்போர் வெளியேறவும் வேண்டாம் என்ற பொருளில் நபியவர்களிடம் தாம் கேட்டதை அறிவித்தார்கள். உமர் அவர்கள் அல்லாஹ்வைப் புகழ்ந்துவிட்டுத் திரும்பினார்கள்.

ஷாம் சென்று தோழர்களின் கையைப் பிடித்து ஆறுதல் சொல்ல உமர் அவர்களுக்கு ஆசை இல்லாமலா இருந்திருக்கும்! ஆகவே சகோதரர்களே, உங்களுக்குத் தடிமன், இருமல், கண்நோய், வயிற்றோட்டம், உடலில் கொப்புளம் இருந்தால் அந்த வீட்டுப் படலையைத் தாண்டாதீர்கள். உங்களுக்கு ஒன்றுமில்லை, ஆனால் வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் தாண்டாதீர்கள். வைத்தியர் அனுமதித்த காலத்தில், சுகதேகியாகச் சென்றால், சவர்க்காரமிட்டுக் கை கழுவுங்கள், முகக்கவசம் அணியுங்கள், முஸாபஹா செய்யாமல் வாயால் ஸலாம் சொல்லுங்கள், ஒருவர் இருவராகச் செல்லுங்கள். கொரோனாக் காலத்தில் 2020இலும் 2021இலும் இவற்றையெல்லாம் அரசாங்கத்துக்காகச் செய்தோம். ஒரு பிள்ளைக்காகச் செய்ய முடியாதா?

ஓதிப் பார்ப்போருக்கும் ஒரு வார்த்தை. இதை என் சகோதர மௌலவிமார் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என நம்புகிறேன். துஆவுக்குத் தூரம் தடையில்லை. கிணற்று நீரில் ஓதி ஊதி அந்தப் பிள்ளைக்குக் குடிக்கக் கொடுக்காதீர்கள். கழுத்தருகே மருந்தேற்றும் குழாய் பொருத்தியிருந்தால் அதன் பக்கத்தில் நூலோ எண்ணெயோ எதுவும் கட்டவோ பூசவோ வேண்டாம். அந்தக் குழாய் நேரே இருதயத்துக்கு அருகே போகிறது. பள்ளிவாசலில் இருந்தபடி கையேந்துங்கள், கேட்பவன் அருகில்தான் இருக்கிறான்.

உணவு விடயத்தில் நம் அழகான வழக்கமொன்று இங்கே இடைஞ்சலாகிறது. சஹனைச் சுற்றி ஆறுபேர் அமர்ந்து உண்பது நமக்குச் சகோதரத்துவம். தேறிவரும் பிள்ளைக்குத் தனிக் கோப்பைதான். நோன்புக் கஞ்சி பள்ளியில் அஸருக்கே காய்ச்சி, வாளியில் வந்து, ஆறிக் கிடந்தால் அதைக் கொடுக்காதீர்கள், வீட்டில் சூடாகக் காய்ச்சிக் கொடுங்கள். கொதித்தாறிய நீர், நன்கு வெந்த இறைச்சி, மீன், முட்டை. காய்ச்சாத பாலும் அதில் உறையவைத்த தயிரும் வேண்டாம். பழமே கூடாது என்ற பழைய கடுமை இன்று வைத்தியர்களிடையே தளர்ந்திருக்கிறது. நன்றாகக் கழுவித் தோலுரித்த வாழைப்பழமும் தோடம்பழமும் உண்ணலாமா என்று கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மண்ணைப் பற்றி வன்னியில் விசேடமாகச் சொல்ல வேண்டும். நாம் வயலும் தோட்டமும் உள்ளவர்கள். சுகம் கிடைத்த இளைஞன் வாப்பாவுக்கு உதவியாக மண்வெட்டி எடுக்க ஆசைப்படுவான். நமது நாட்டின் மண்ணிலும் தேங்கிய நீரிலும் மெலியோய்டோசிஸ் என்னும் நோயை உண்டாக்கும் பற்றீரியா வாழ்கிறது. வயல் நீரில் எலிக்காய்ச்சல் கிருமியும் உண்டு. பழைய வைக்கோலிலும் இடித்த கட்டடத்தின் தூசியிலும் இருக்கும் பூஞ்சண வித்துகள் சாதாரண மனிதனை ஒன்றும் செய்யாது, இவனுடைய நுரையீரலில் வளர்ந்துவிடும். வைத்தியர் போகச் சொல்லும்வரை வயல் வேலை, மாட்டுக் கொட்டில், கோழிக் கூடு, உழ்ஹிய்யா அறுக்கும் இடம் யாவற்றையும் விலக்குங்கள்.

ஆண் பிள்ளையாயின் கத்னாவைப் பிற்போடுங்கள். பெண் பிள்ளையாயின் காது குத்துவதையும் அவ்வாறே. சுகம் கிடைத்தால் உம்ரா கூட்டிப்போவதாக நேர்ச்சை செய்த பெற்றோரும் இருக்கிறார்கள். நேர்ச்சை நேர்ச்சைதான், நிறைவேற்றுங்கள். ஆனால் உலகின் எல்லா மூலையிலிருந்தும் இருமல் வந்து சேரும் அந்த ஜனக்கூட்டத்துக்கு எப்போது போவது என்பதை வைத்தியரிடம் கேட்ட பின்னர் தீர்மானியுங்கள். நோன்பைப் பொறுத்தவரை நோயாளிக்குச் சலுகையளித்தவன் அல்லாஹ்வே. பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை தவறாமல் குடிக்க வேண்டிய மாத்திரையை ஸஹருக்கும் இஃப்தாருக்கும் ஏற்றபடி மாற்றிக்கொள்வது தக்வா அல்ல. பின்னர் கழாச் செய்யலாம், இயலாதெனில் பித்யா உண்டு. பாதுகாப்புக்காகத் தரும் கொட்ரிமொக்ஸசோல், அசைக்ளோவிர் போன்ற மாத்திரைகளையும் "இப்போது சுகம்தானே" என்று நிறுத்திவிடாதீர்கள். காய்ச்சல் வராமலிருப்பதே அவை வேலை செய்கின்றன என்பதற்கு அடையாளம்.

இத்தனையும் மறந்துபோனாலும் ஒன்றை மறவாதீர்கள். உடல்வெப்பம் 38 பாகை செல்சியஸைத் தொட்டால் அது அவசர நிலை. பனடோல் கொடுத்துவிட்டு விடியும்வரை பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. பனடோல் காய்ச்சலை மறைக்கும், கிருமியைக் கொல்லாது. வெண்குழியம் குறைந்தவருக்குக் காய்ச்சல் என்றால், வைத்தியசாலையை அடைந்து ஒரு மணித்தியாலத்துக்குள் நரம்பு வழி அன்டிபயோட்டிக் ஏற வேண்டும் என்பதே வைத்தியர்களின் இலக்கு. மஹரகமவில் இருப்பவருக்கு அது பக்கத்துக் கட்டடம். நமக்கோ முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா மாவட்ட வைத்தியசாலைகள்தான் முதற்படி, கிராமத்திலிருந்து அங்கே போவதற்கே நேரம் செல்லும். ஆகவே இரவில் வாகனம் தரக்கூடியவர் யார் என்பதை நோய் வருமுன்னரே பேசி வையுங்கள். சிகிச்சைக் குறிப்பின் பிரதியொன்றைக் கதவருகே வையுங்கள். "கீமோ எடுத்தவர், வெண்குழியம் குறைந்திருக்கலாம்" என்பதை வாசலிலேயே சொல்லுங்கள், வரிசையில் காத்திருக்க வேண்டாம். வீட்டில் ஒரு வெப்பமானி இருக்கட்டும், அதன் விலை பெரிதல்ல. கொப்புளிப்பான் வந்த ஒருவரோடு பிள்ளை பழகிவிட்டது தெரிந்தால், கொப்புளம் தோன்றும்வரை பார்த்திராமல் அன்றே கிளினிக்குக்கு அறிவியுங்கள்.

அருமை இளைஞர்களே, இந்த இடத்தில் உங்களைத்தான் எதிர்பார்க்கிறேன். நம் சமூகம் கொடையில் குறைந்ததல்ல. 2016இல் மஹரகம வைத்தியசாலைக்கு பெட் ஸ்கேன் இயந்திரம் வாங்க 200 மில்லியன் ரூபாய் திரட்டும் பணியை ஃபைட் கேன்சர் டீம் என்ற பெயரில் முஸ்லிம்கள் முன்னின்று தொடங்க, எல்லா இனத்தவரும் அள்ளிக் கொடுத்தார்கள். அதற்கு முன்னர் 2011இல் தெற்கிலிருந்து பருத்தித்துறை வரை, நம் வன்னியைக் கடந்து மக்கள் நடந்து திரட்டிய பணத்தில்தான் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. பணம் கொடுத்தாயிற்று. ஒவ்வொரு மஹல்லாவிலும் இரவு இரண்டு மணிக்கு அழைத்தால் முச்சக்கரவண்டியை எடுக்கும் இரண்டு இளைஞர்களின் பெயரும் இலக்கமும் பள்ளிவாசல் நிருவாகத்திடம் இருக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை அது. நான் அறிந்தவரை பெரும்பாலான ஊர்களில் இல்லை.

மூலக்கலம் கொடுப்பதைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரே தாய் தந்தையருக்குப் பிறந்த ஒருவர் முழுமையாகப் பொருந்துவதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. நானாவுக்குத் தங்கை கொடுக்கலாம், ராத்தாவுக்குத் தம்பி கொடுக்கலாம். சில நாட்கள் ஊசி போட்டுக் குருதியிலிருந்து பிரித்தெடுப்பார்கள், அல்லது மயக்கமருந்து கொடுத்து இடுப்பெலும்பிலிருந்து எடுப்பார்கள். கொடுத்தவருக்குச் சில வாரங்களில் அது மீண்டும் ஊறிவிடும். இறைத்த கிணறு ஊறுவது போல. கொடுத்தால் ஆண்மை போய்விடும், பிள்ளைப்பேறு இராது என்று சொல்பவர்களின் பேச்சில் எந்த உண்மையும் இல்லை.

வீட்டிலேயே அடைபட்டிருக்கும் அந்தப் பிள்ளையின் தனிமையும் ஒரு நோய்தான். பன்னிரண்டு வயதுப் பையனுக்கு இரண்டு வருடம் என்பது மிக நீளம். கூட்டாளிகள் தொலைபேசியில் பேசுங்கள். பாடசாலைக் கொப்பிகளைப் படம் பிடித்து அனுப்புங்கள். வவுனியாவில் ஒரு வீட்டில் கண்டேன், முற்றத்து வேப்பமரத்தின் கீழ் கதிரை போட்டு, நான்கு முழம் தள்ளி மகனின் கூட்டாளிகள் இருவரை மாறி மாறி அமர்த்திக் கதைக்க விட்டிருந்தார் அந்தத் தாய். படலையில் ஒரு வாளித் தண்ணீரும் சவர்க்காரமும் வைத்திருந்தார். வந்தவர்களில் எவரும் கோபித்துக்கொள்ளவில்லை.

ஜும்ஆவுக்கு வரமுடியாத அந்த இளைஞனை "பள்ளிப்பக்கம் காணோமே" என்று கேட்காதீர்கள். நோயும் நோயச்சமும் ஜும்ஆவைத் தவிர்ப்பதற்கு மார்க்கம் ஏற்ற காரணங்கள். வீட்டில் ளுஹர் தொழட்டும். நீர் படக்கூடாத இடத்தில் கட்டுப் போட்டிருந்தால் தயம்மும் உண்டு. வைத்தியர் அனுமதித்து அவன் முதன்முதலாக வரும் வெள்ளிக்கிழமை, கூட்டம் நெருங்கும் முதல் ஸஃப்பில் பிடித்து இழுத்து நிறுத்தாமல், காற்றோட்டமுள்ள வெளி மண்டபத்தின் ஓரத்தில் அவனுக்கு ஓர் இடம் விட்டுவையுங்கள். தொழுகை முடிந்ததும் கட்டியணைக்க ஓடாதீர்கள். நெஞ்சில் கை வைத்து ஸலாம் சொல்லுங்கள், அவன் விளங்கிக்கொள்வான்.